ஸ்டெல்த்: களவா, கரவா?

'இந்தத் தடவை முழுக்க ஸ்டெல்த்' என்று முடிவு செய்துகொண்டு, ஏற்கெனவே முடித்த வீடியோ விளையாட்டை மறுபடி தொடங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எதிரியின் கண்ணிலும் காதிலும் படாமல் போய், காரியத்தை முடித்துத் திரும்புவதுதான் ஸ்டெல்த். பேச்சில் 'பதுங்கிப் பதுங்கி ஆடுறது', 'சத்தமில்லாம முடிக்கிறது' என்கிறோம். ஒற்றைச் சொல்லாக எழுத வேண்டிவந்தால் மட்டும் ஆங்கிலச் சொல்லே கைக்கு வருகிறது.

அந்தச் சொல் திருட்டில் பிறந்தது. திருடு என்று பொருள்படும் 'ஸ்டீல்' என்ற வினையிலிருந்து, 'ஹீல்' என்பது 'ஹெல்த்' ஆனதைப் போல உருவானது. முதலில் திருட்டையும் திருடிய பொருளையும் குறித்தது. காலப்போக்கில் திருட்டு உதிர்ந்து, திருடன் நடமாடும் விதம் மட்டும் பொருளாகத் தங்கிவிட்டது. 1988இல் அமெரிக்கா வெளியுலகுக்கு அறிவித்த எஃப்-117 போல ரேடாரை ஏமாற்றும் விமானங்களுக்கும் அதே பெயர்.

விளையாட்டில் இந்த வகையை நிலைநிறுத்தியவற்றுள் முதன்மையானது 1987இல் வந்த மெட்டல் கியர். அது ஓடிய எம்.எஸ்.எக்ஸ். 2 கணினியால் திரையில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் ஒன்றாகக் காட்ட முடியவில்லை. அதனால் அதை வடிவமைத்த ஹிதேயோ கோஜிமா, சண்டை போடுவதை விட்டு ஒளிந்து தப்புவதையே ஆட்டமாக்கினார்.

அதே வரிசையில் 2015இல் வந்த த பாண்டம் பெயின், பரந்த நிலத்தில் நம் விருப்பப்படி அலையவிடும் திறந்தவெளி விளையாட்டு. களம் 1984ஆம் ஆண்டின் ஆப்கானிஸ்தானும், அங்கோலா – ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எல்லையும். முதல் ஆட்டத்தில் நான் தலையைக் குறிவைத்தே சுட்டுக்கொண்டு போனேன். கொஞ்ச நாளில் காவலர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். இரவில் மட்டுமே போனால் இருளில் பார்க்கும் கண்ணாடியோடு நிற்பார்கள். நம் பழக்கத்தை அந்த விளையாட்டு கவனித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் ஆட்டத்தில் குன்றின்மேல் படுத்துத் தொலைநோக்கியில் காவலர்களை ஒவ்வொருவராகக் குறித்துவைத்து, தகவல் தொடர்புக் கருவியை முடக்கிவிட்டு, புழுதிப் புயல் வரும்வரை காத்திருந்து உள்ளே இறங்கினேன். காவல் சாவடி அதேதான். ஆனால் எந்தக் காவலன் எங்கே திரும்புவான், எந்த விளக்கு எதுவரை எட்டும் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது.

இந்த வேலைக்குத் தொல்காப்பியத்தில் ஒரு சொல் இருக்கிறது. புறத்திணையியலில் வெட்சித் திணையின் இலக்கணம் இது: 'வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்'. அரசன் அனுப்பிய வீரர்கள் பகைநாட்டுக்குள் களவாகப் புகுந்து ஆநிரையைக் கொண்டுவந்து காப்பது. இதன் துறைகளை, அதாவது உட்பிரிவுகளைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 'புடைகெடப் போகிய செலவு' என்றால் அக்கம்பக்கம் அறியாதபடி போவது. 'புடைகெட ஒற்றின் ஆகிய வேய்' என்றால் ஒற்றர் யாரும் அறியாமல் திரட்டிவந்த செய்தி. தொலைநோக்கியோடு குன்றின்மேல் கிடந்தேனே, அது வேய். கவர்ந்த மாடுகளை நோகாமல் ஓட்டி வருவதற்கும் 'நோயின்று உய்த்தல்' என்று ஒரு துறை உண்டு. பாண்டம் பெயினில் மயக்க ஊசியால் காவலனைத் தூங்கவைத்து, பலூனில் கட்டி நம் தளத்துக்கு அனுப்பலாம், ஆட்டையும்கூட அனுப்பலாம். இடையில் 'முற்றிய ஊர்கொலை', அதாவது வளைத்த ஊரில் நடக்கும் கொலை, என்ற துறையும் வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. வெட்சி வீரர்கள் எப்போதும் ரத்தமின்றித் திரும்பியவர்கள் அல்லர்.

ஆக, களவும் ஸ்டெல்த்தும் ஒரே வழியில் நடந்த சொற்கள். களவு திருட்டைக் குறித்தது. மறைவான போர்ச்செயலையும் குறித்தது. அகத்திணையில் ஊரறியாக் காதலுக்கும் அதுவே பெயர். ஆனால் இன்றைய காதுக்குக் களவு என்றால் திருட்டுதான். யாழ்ப்பாணத்தில் 'களவெடுத்தல்' இன்றும் அன்றாடச் சொல். 'களவாட்டம்' என்று எழுதினால் யாரோ பணப்பையைப் பறிகொடுத்ததாகத்தான் படிப்பவர் நினைப்பார். 'திருட்டுத்தனம்' அதைவிட மோசம், பழியும் சேர்ந்துகொள்கிறது.

'பதுங்கல்' நல்ல சொல்தான். ஆனால் அது குனிந்து ஒளியும் உடல்நிலை. கட்டுப்பாட்டுக் கருவியில் உட்காரவைக்கும் பொத்தானுக்கு அது கச்சிதம். புயலுக்காகக் காத்திருப்பதையும், ஒலி எழாமல் நடப்பதையும், மாறுவேடத்தையும் அது தாங்காது.

எனவே நான் 'கரவு' என்கிறேன். கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். காக்கை 'கரவா கரைந்துண்ணும்' என்ற குறளில் (527) நாம் பள்ளியிலேயே படித்த சொல். வஞ்சகம் என்ற பொருளும் இதற்கு உண்டு என்பது உண்மை. எதிரியை ஏமாற்றும் ஆட்டத்துக்கு அது குறையல்ல. கெரில்லாப் போரைக் 'கரந்தடிப் போர்' என்று ஈழத்தமிழர் எழுதிப் பழக்கிவிட்டார்கள். கரந்தடி என்பதில் அடி உண்டு, கரவில் அது கட்டாயமில்லை. ஒருவரையும் தொடாமல் வெளியேறினாலும் அது கரவுதான்.

கரவாகப் புகுந்தான், கரவு கலைந்தது, கரவாட்டம் என்று இயல்பாகவே கிளைக்கிறது. பாண்டம் பெயினின் பிற்பகுதியில் முன்பு முடித்த சில பணிகள் 'டோட்டல் ஸ்டெல்த்' என்ற அடைமொழியோடு திரும்ப வரும். ஒரு காவலன் பார்த்துவிட்டாலே பணி தோல்வி. அதை 'முழுக்கரவு' என்று எழுதலாம்.