மூன்று சிவராசாக்கள்

சிறுபோகத்துக்கு முன் எங்கள் கமக்காரர் அமைப்பில் ஒரு சண்டை தவறாமல் வரும். இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, ஆளுக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அதுவரை எல்லாம் சுமுகம். பெயர்ப்பட்டியலை விரித்ததும்தான் வினை. தலைவரின் கொப்பியில் க. சிவராசாவுக்கு மூன்று ஏக்கர். பசளைக் கொப்பியில் இரண்டு. சந்தாக் கொப்பியில் சிவராசாவே இல்லை, 'சிவராஜா' இருக்கிறார். விசாரித்தால் ஊரில் சிவராசாக்கள் மூவர். அதில் ஒருவர் காணியை மருமகனுக்கு எழுதிக் கொடுத்து இரண்டு வருடமாகிறது.

கொப்பிகளை நான் கணினியில் ஏற்றினேன். மூன்று கொப்பியும் மூன்று விரிதாள்களாயின. சண்டை அப்படியே இருந்தது. ஒரே செய்தி மூன்று இடங்களில் எழுதப்பட்டிருப்பதுதான் நோய், காகிதம் அல்ல.

இந்த நோய்க்கு 1970இல் மருந்து சொன்னவர் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த எட்கர் கோட். தரவுகளை அட்டவணைகளாக வைத்து, ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் கொடுக்க வேண்டும். மற்ற அட்டவணைகள் அந்த அடையாளத்தை மட்டும் சுட்டினால் போதும். இப்படி அமைந்ததுதான் தொடர்புத் தரவுத்தளம். எங்கள் கணக்கில் உறுப்பினருக்கு ஓர் அட்டவணை, காணிக்கு ஒன்று, பசளைக்கு ஒன்று. காணி அட்டவணையில் சிவராசாவின் பெயரே கிடையாது, அவருடைய உறுப்பினர் எண் மட்டுமே உண்டு. காணி கைமாறினால் ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது. யாருக்கு எத்தனை மூடை என்று கேட்கும்போது மென்பொருள் மூன்று அட்டவணைகளையும் பொருத்தி விடை தரும். இல்லாத உறுப்பினர் எண்ணுக்குப் பசளை எழுதப் போனால் மறுத்துவிடும். கொப்பி எதையும் மறுத்ததில்லை.

அந்த அடையாளத்துக்கு முதன்மைச் சாவி என்று பெயர். தேசிய அடையாள அட்டை எண்ணையே சாவியாக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். அட்டை மாற்றியவர் இரண்டு ஆளாகிவிடுவார். போதாக்குறைக்கு அந்த எண்ணில் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும் இருக்கின்றன. பெண் என்றால் நாளுடன் 500 கூட்டியிருப்பார்கள். இவ்வளவு கதை பேசும் எண்ணைவிட, அர்த்தமே இல்லாத ஒரு வரிசை எண் எவ்வளவோ மேல்.

வரிகள் இலட்சக்கணக்கில் பெருகினால் தேடுவது எப்படி? வாய்க்காலில் தண்ணீர் போவதைப் போல என்று சொல்லலாம். பிரதான வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல் வாய்க்கால். ஒவ்வொரு மதகிலும் ஒரு பக்கம் திரும்பியதும் மற்றப் பக்கங்களை மறந்துவிடலாம். வரிகளைத் தேடித்தரத் தரவுத்தளம் வைத்திருக்கும் சுட்டியும் (index) இப்படிக் கிளைவிட்ட மரம்தான். ஒரு கணுவில் 200 கிளை என்று வைத்துக்கொண்டால், மூன்றே படியில் 80 இலட்சம் வரிகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பசளை கொடுக்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்க வேண்டும்: களஞ்சிய இருப்பில் கழிவு, உறுப்பினர் கணக்கில் வரவு. நடுவில் மின்சாரம் போனால்? விரிதாளில் கழிவு மட்டும் பதிந்து, இரண்டு மூடைகள் காற்றில் போய்விடும். தரவுத்தளமோ அட்டவணையைத் தொடுமுன் தான் செய்யப்போவதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. மீண்டும் எழுந்ததும் அதைப் புரட்டும். 'முடிந்தது' என்ற குறி இருந்தால் விடுபட்டதைச் செய்து முடிக்கும். குறி இல்லாவிட்டால் செய்த பாதியையும் அழித்துவிடும்.

போன போகத்தில் அப்படித்தான் ஆயிற்று. பொத்தானை அழுத்திய நேரம் மின்சாரம் போனது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன். களஞ்சியத்தில் முன்பிருந்த 40 மூடை அப்படியே, சிவராசாவின் கணக்கில் பூச்சியம். வாசலில் உழவு இயந்திரத்தோடு நின்ற மனிதரும் இன்னும் ஒரு மூடைகூட ஏற்றியிருக்கவில்லை.