ஒரே கப்பல், வேறு வேறு பயணம்: உல்லாசக் கப்பலில் நாட்டுப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட ‘நார்வீஜியன் ஜாய்’ 2017இல் கடலுக்கு வந்தது. சீனப் பயணிகளுக்கென்றே வடிவமைத்த கப்பல். வரியில்லாக் கடைகளுக்கும் சூதாட்டக் கூடங்களுக்கும் தாராளமாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். நண்பர்கள் குழுவாகப் பாட கரோக்கி அறைகளும் இருந்தன. இரண்டே ஆண்டில் அந்தக் கப்பலை அமெரிக்கச் சந்தைக்கு மாற்றி, 2019 கோடையில் அலாஸ்காவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் உள்ளலங்காரத்தை மாற்ற மட்டும் சுமார் 5 கோடி டாலர் செலவானது. உயரமான தளத்தில் கடலைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார ஒரு பெரிய கூடம் புதிதாக வந்தது. கப்பலின் உடலும் எஞ்சினும் அப்படியே இருக்க, ஏறப்போகிறவர்கள் மாறினார்கள் என்பதற்காகவே இவ்வளவு பணம் போனது.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதை நுகர்வோர் ஆய்வு ஓரளவு தெளிவாகச் சொல்கிறது. ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒருவர் திருப்தியடைகிறாரா என்பதை அவருக்குக் கிடைத்த சேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. கிடைத்ததற்கும் அவர் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. நாட்டுப் பழக்கம் இந்த எதிர்பார்ப்புக் கோட்டைத்தான் மேலும் கீழும் நகர்த்துகிறது. எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், அந்நியர் எவ்வளவு நெருங்கலாம், பணியாளர் எப்படிப் பேச வேண்டும், எது இலவசமாக இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பயணி வீட்டிலிருந்தே விடையோடு வருகிறார். கரையிலுள்ள விடுதி பிடிக்காவிட்டால் வெளியே போய்ச் சாப்பிடலாம். கப்பலில் அதற்கு வழியில்லை. அதனால் சின்ன இடைவெளியும் ஏழு நாளும் கூடவே வரும்.

இரவு உணவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கப்பலின் முழு நாளும் அதைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. பிரதான உணவுக்கூடம் எல்லாப் பயணிகளையும் ஒரே நேரத்தில் கொள்ளாது. அதனால் மரபான முறையில் இரண்டு பந்தி. அமெரிக்கப் பயணிகள் நிறைந்த கப்பலில் முதல் பந்தி மாலை 5.30 வாக்கிலும் இரண்டாவது 8 மணி வாக்கிலும் தொடங்கும். மூன்று நான்கு வகை பரிமாறி முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்; மேசையைத் துடைத்துத் துணி விரித்து மறுபடி தட்டு அடுக்க இன்னும் அரை மணியாவது வேண்டும். நாடக அரங்கமும் எல்லோரையும் கொள்ளாது என்பதால் முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் நிகழ்ச்சியில் இருப்பார்கள், பிறகு இடம் மாறுவார்கள். இந்தச் சுழற்சி நடப்பதற்கு ஏறக்குறைய பாதிப் பேர் சீக்கிரம் சாப்பிடச் சம்மதிக்க வேண்டும்.

இத்தாலியரும் ஸ்பானியரும் சம்மதிப்பதில்லை. அவர்களுக்கு மாலை 5.30 என்பது சிற்றுண்டி நேரம். மத்தியதரைக் கடலில் அவர்களை நம்பி ஓடும் கப்பல்களில் முதல் பந்தியே ஏழு, ஏழரைக்குத் தொடங்கி, இரண்டாவது ஒன்பது, ஒன்பதரைக்கு வரும். அதே கப்பலில் பிரிட்டிஷ், ஜெர்மானியக் குழுக்களும் ஏறினால் முதல் பந்தி நிரம்பி வழியும். அது கிடைக்காத வட ஐரோப்பியர் பஃபேக்குப் போவார்கள்; அங்கே அந்த நேரத்துக்கு ஆள் குறைத்திருப்பார்கள், வரிசை நீளும். பிறகு குறைதீர் மேசையில் ‘பஃபே சரியில்லை’ என்று பதிவாகும். கோளாறு பஃபேயில் இல்லை, பந்தி நேரத்தில்தான் இருக்கிறது. முன்பதிவின்போதே பயணிகளின் நாட்டுக் கலவையைப் பார்த்து இருக்கைகளைப் பிரித்தால் இது பெருமளவு தீர்ந்துவிடும். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் விரும்பியபோது சாப்பிடும் முறையை 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் பெரிதாகப் பரப்பியது. ஜெர்மானியரின் ஐடா கப்பல்கள் 1996இலிருந்தே குறித்த மேசை, குறித்த உடை என்ற கட்டாயத்தைக் கைவிட்டு, உணவோடு மதுவும் சேர்த்த பஃபேயை மையமாக வைத்தன. மாறாக, பிரிட்டிஷ் பயணிகளில் பெரும் பகுதியினர் கறுப்பு டை கட்டிச் சாப்பிடும் இரவுகளை இன்னும் விரும்பிக் கேட்கிறார்கள். அதைப் பழமை என்று எடுத்துவிட்டால் அவர்களுக்குப் பயணத்தின் பாதி போய்விடும்.

மேசையின் அளவும் இதே கணக்கில் வரும். தாத்தா பாட்டி முதல் பேரன் வரை மூன்று தலைமுறையாக வரும் சீனக் குடும்பத்துக்கு எட்டு, பத்து பேர் அமரும் வட்ட மேசை வேண்டும். இருவர் மேசைகளை ஒட்டிப் போட்டால் நடுவில் உணவை வைத்துப் பகிர முடியாது. சமையலறையில் இன்னொரு தடை இருக்கிறது. தீ விபத்துக்கு அஞ்சி, பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் திறந்த சுடர் கிடையாது. எல்லா அடுப்பும் மின்சாரம். கடும் சூட்டில் வாணலியைத் தூக்கிப் புரட்டும் சீனச் சமையலுக்குக் குழிவான இண்டக்‌ஷன் அடுப்புகளைத் தனியாகப் பொருத்த வேண்டும். சமையல்காரரை மட்டும் மாற்றிவிட்டு அடுப்பை மாற்றாத கப்பலில் அந்தச் சுவை வராது.

வெந்நீர் சின்ன விஷயமாகத் தோன்றும். பிரிட்டிஷ் கப்பல்களின் கேபினில் தேநீர் போட மின்கெண்டி இருக்கும். அமெரிக்கக் கப்பல்களில் பெரும்பாலும் இருக்காது, பயணி கொண்டு வந்தாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காரணம் தீ அபாயம். மின்சாரச் சுமையையும் கணக்குப் பாருங்கள்: 1.5 கிலோவாட் கெண்டியை 1,500 கேபின்களில் ஒரே நேரத்தில் போட்டால் 2.25 மெகாவாட். எல்லோரும் ஒரே நிமிடத்தில் போடமாட்டார்கள்தான். ஆனாலும் காலையில் தேநீர் குடித்துவிட்டே கதவைத் திறக்கும் சமூகத்துக்கு இந்தச் சுமையை முன்கூட்டியே கணித்து, தானாக அணையும் கெண்டியைக் கப்பலே தருவதுதான் பாதுகாப்பான வழி. சீனப் பயணிகளுக்குத் தேநீர் மட்டுமல்ல, குடிக்கும் தண்ணீரே வெந்நீராக வேண்டும். ஐஸ் போட்ட தண்ணீரைக் கேட்காமலே மேசையில் வைப்பதை அவர்கள் உபசரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இடத்தைப் பற்றிப் பேசும்போது தொழிலில் ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். கப்பலின் மொத்த டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இங்கே டன் என்பது எடை அல்ல, உள்ளடங்கிய கன அளவைக் குறிக்கும் எண். ஜப்பானிய வாடிக்கையாளருக்காக ஓடும் ‘அசுகா 2’ 50,444 டன், 872 பயணி, வகுத்தால் 58. உலகின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 2,48,663 டன், கேபினுக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணி, வகுத்தால் 44. எண் கூடக் கூட நெரிசல் குறையும். ஆனால் எந்த எண்ணில் நெரிசல் என்று தோன்றும் என்பது ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு மாறும். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1960களில் அமெரிக்கர்களைக் கவனித்து, ‘தனிப்பட்ட தூரம்’ ஏறக்குறைய 45 முதல் 120 சென்டிமீட்டர் என்று வகுத்தார். மற்ற சமூகங்களில் இந்த எல்லை இடம் மாறுகிறது என்பதும் அவரது முக்கியமான கண்டுபிடிப்பு. லிஃப்டில், பஃபே வரிசையில், சாய்வு நாற்காலிகளுக்கு நடுவில் இந்த எல்லைகள் மோதுகின்றன.

மேல்தளத்தை எந்தப் பயணி எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதும் அந்த எண்ணைப் பொய்யாக்கிவிடும். வட ஐரோப்பியர் வெயிலுக்காகவே வருகிறார்கள். நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் சண்டை அவர்களிடையேதான் அதிகம். நிறம் கறுப்பதை விரும்பாத கிழக்காசியப் பயணிகள் நண்பகலில் நீச்சல்குளத் தளத்தைக் காலியாக விட்டு உள்ளே வந்துவிடுவார்கள். கப்பலின் பரப்பில் ஒரு பெரும் துண்டு பயன்படாமல் கிடக்க, மற்ற எல்லாக் கூடமும் நிரம்பும். 58 காட்டும் கப்பலும் அப்போது நெரிசலாகத்தான் தெரியும். சீனச் சந்தைக்குப் போகும் கப்பல்களில் உள்ளரங்கு இடத்தைக் கூட்டுவதற்கு இது ஒரு பெரிய காரணம். குளிக்கும் இடத்திலும் இதே கதை. ஜெர்மானியக் கப்பல்களின் நீராவி அறையில் ஆணும் பெண்ணும் ஆடையின்றிச் சேர்ந்து உட்காருவது சாதாரணம். அமெரிக்கக் கப்பலில் நீச்சலுடை கட்டாயம். ஜப்பானில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வெந்நீர்க் குளியல், நுழையுமுன் உடம்பைக் கழுவ வேண்டும். ‘டைமண்ட் பிரின்சஸ்’ ஜப்பானியருக்காக ஓடத் தொடங்கியபோது 2014இல் அதில் அப்படியொரு குளியலறைத் தொகுதியையே கட்டினார்கள்.

டிப்ஸைப் போல இவ்வளவு கசப்பை எழுப்பும் விஷயம் வேறில்லை. அமெரிக்க நிறுவனங்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தொகையைத் தானாகக் கணக்கில் ஏற்றிவிடும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு 7 இரவில் 252 டாலர். உணவகத்தில் டிப்ஸ் தருவதை வழக்கமாகக் கொண்ட அமெரிக்கருக்கு அது இயல்பு. பணியாளரின் கூலியை முதலாளிதான் தர வேண்டும் என்று நினைக்கும் ஜெர்மானியருக்கும் ஆஸ்திரேலியருக்கும் அது மறைத்து வைத்த விலை. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல், கட்டாய சேவைக் கட்டணத்தை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 மே முதல் தனி டிப்ஸை நீக்கிவிட்டது. மொத்தச் செலவு ஒன்றாக இருந்தாலும் கட்டணம் எப்போது கண்ணில் படுகிறது என்பது மனநிலையை மாற்றுகிறது: முன்பதிவில் கொடுத்த பணம் மறந்துவிடும், கடைசி இரவு கதவிடுக்கில் வரும் ரசீது மறக்காது.

மொழியில் தவறினால் விளைவு எரிச்சலோடு நிற்காது. மத்தியதரைக் கடலில் ஓடும் பல கப்பல்களில் ஒவ்வொரு அறிவிப்பும் ஐந்து மொழியில் வரும். ஒரு மொழிக்கு 40 வினாடி என்றால் மொத்தம் 3 நிமிடம் 20 வினாடி. மூன்றாவது மொழியிலேயே காதுகள் அடைபட்டுவிடும், அதன்பின் வரும் அவசியமான அறிவிப்பும் இரைச்சலாகிவிடும். அதனால்தான் இந்தக் கப்பல்களில் வசன நாடகம் குறைந்து, சர்க்கஸும் நடனமும் பாட்டும் நிறைகின்றன. வாடிக்கையான செய்திகள் திரைக்கும் கைபேசிச் செயலிக்கும் போகின்றன. அங்கே இன்னொரு பழக்கமும் உண்டு: எல்லோரும் ஒரே துறைமுகத்தில் ஏறுவதில்லை. பார்சிலோனாவில் சிலர், மார்செய்யில் சிலர், ஜெனோவாவில் சிலர். தினமும் யாருக்கோ முதல் நாள். 2012 ஜனவரி 13 அன்று ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று இத்தாலியத் துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் ஏறியிருந்த 696 பேருக்கு அவசரகாலப் பயிற்சி நடந்திருக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தது. அப்போதைய விதி 24 மணி நேரம் அவகாசம் தந்தது. 2015 ஜனவரி 1 முதல் பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதி மாறிவிட்டது: கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும். அபாய ஒலி மட்டும் எந்த மொழியையும் நம்புவதில்லை: ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி.

இவற்றையெல்லாம் ஒரு சட்டகத்தில் அடக்க விரும்புகிறவர்கள் நாட்டுப் பண்பாடுகளை எண்களில் ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் கெர்ட் ஹோஃப்ஸ்டெட்டின் அட்டவணையை எடுப்பார்கள். 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கேள்வித்தாள்களிலிருந்து அவர் நாடுகளுக்கு மதிப்பெண் தந்தார். அதிகார இடைவெளியை, அதாவது மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை, இயல்பாக ஏற்பதில் ஜெர்மனிக்கு 35, அமெரிக்காவுக்கு 40, பிலிப்பைன்சுக்கு 94. உல்லாசக் கப்பல் பணியாளர்களில் பெரும் தொகையினர் பிலிப்பைன்சைச் சேர்ந்தவர்கள் என்பதை நினைத்தால் இது பயனுள்ள குறிப்புதான்: பணியாளர் மரியாதையாகக் கருதும் தணிவு, ஜெர்மானியப் பயணிக்குச் சங்கடமாகவே இருக்கலாம், அவர் கேள்விக்கு நேரான பதிலை எதிர்பார்க்கிறார்.

ஆனால் அட்டவணையை அப்படியே நம்பினால் தடுக்கி விழ வேண்டியிருக்கும். நிச்சயமின்மையைக் கண்டு கலங்கும் அளவில் ஜப்பானுக்கு 92. பின்னால் சேர்க்கப்பட்ட சீனாவுக்கு வெறும் 30. இதன்படி, புயலால் துறைமுகம் தவறினால் சீனப் பயணி அமைதியாக இருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 2010களில் சீனத் துறைமுகங்களில், பயணத்திட்டம் மாறியதற்கு இழப்பீடு கேட்டுப் பயணிகள் கப்பலை விட்டு இறங்க மறுத்த சம்பவங்கள் பல. விளக்கம் குணத்தில் இல்லை. சீனாவில் பத்தாண்டுக்குள் பணி செய்தவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 5 நாள் விடுப்பு. பயணமும் நான்கைந்து நாள்தான், துறைமுகம் ஒன்றோ இரண்டோ. ஒன்று தவறினால் போனது பாதிப் பயணம். அதோடு, முழுக் கப்பலையும் மொத்தமாக வாங்கி விற்ற முகவர்கள் வாக்குறுதி தந்துவிட்டு, புகார் வந்தபோது கப்பலைக் கை காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது நான்கு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. பத்து நாள் பயணத்தில் ஒரு துறைமுகம் போனால் தாங்கிக்கொள்ளலாம். பண்பாடு என்று நாம் பெயரிடும் பலவும் தொழிலாளர் சட்டமும் விற்பனை முறையுமே. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத ஆய்வை நான் பொருட்படுத்துவதில்லை.

கருத்துக்கணிப்புகளை வாசிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஐந்து புள்ளி அளவில் ஜப்பானியர் நடு எண்களையே அதிகம் தேர்கிறார்கள், லத்தீன் அமெரிக்கர் ஓரங்களுக்குப் போகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஒரு பயணத்தில் ஜப்பானியர் சராசரி 3.6, பிரேசிலியர் சராசரி 4.5 என்று வந்தால், யார் அதிகம் மகிழ்ந்தார்கள் என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாட்டுக் குழுவின் வழக்கமான சராசரியைக் கழித்து, அதன் பரவலால் வகுத்த பிறகே ஒப்பிடலாம். அதைவிட எளிய வழி, முந்தைய பயணங்களில் அதே நாட்டவர் தந்த மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடுவது. புகார் எண்ணிக்கையும் ஏமாற்றும். அமெரிக்கர் மேசைக்கு வந்து நேரில் சொல்லிவிடுவார். குழுவின் இணக்கத்தைப் பெரிதாக மதிக்கும் சமூகத்தவர் கப்பலில் ஒன்றும் சொல்லாமல், வீடு திரும்பிய பின் உறவினரிடம் சொல்லி, அடுத்த முறை வேறு கப்பல் பார்ப்பார். பணியாளரின் கண்ணுக்கு அவர் திருப்தியான பயணி. இதைப் பிடிக்க வேண்டுமானால் ‘எப்படி இருந்தது?’ என்று கடைசி நாளில் கேட்பதை விட்டு, இரண்டாம் நாளே ‘தண்ணீர் சூடாக வருகிறதா, மேசை நேரம் ஒத்துவருகிறதா?’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

பயணம் தேர்பவர் விளம்பரப் படங்களைப் பார்ப்பதற்கு முன் நான்கு தகவலைக் கேட்டு வாங்கலாம்: கப்பலில் புழங்கும் நாணயம் எது, அறிவிப்பு எந்தெந்த மொழியில், முதல் பந்தி எத்தனை மணிக்கு, டிப்ஸ் விலையில் அடக்கமா. இந்த விடைகள் கப்பல் யாருக்காக ஓடுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். யூரோ, ஐந்து மொழி, ஏழரை மணிப் பந்தி என்றால் சீக்கிரம் தூங்கும் குழந்தைகளோடு போகிறவர்கள், குழந்தைகளுக்குத் தனியாக முன்னதாக உணவு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.