காஃபீன் சார்புநிலை: சொல்லும் பொருளும்

காப்பியிலும் டீயிலும் இருக்கும் காஃபீனைத் தினமும் எடுத்துப் பழகிய உடல், அது கிடைக்காதபோது தலைவலி, சோர்வு, எரிச்சல் போன்ற குறிகளைக் காட்டும். இந்த நிலைக்குப் பெயர் காஃபீன் சார்புநிலை. "நான் காப்பிக்கு அடிமை" என்று பேச்சில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது இதைத்தான். ஆனால் ஹெராயினுக்கும் மதுவுக்கும் நாம் அதே அடிமை என்ற சொல்லைத்தான் போடுகிறோம். இரண்டு வேறு நிலைகளை ஒரே சொல் சுமக்கிறது. அதனால் காஃபீனை விட நினைக்கிறவர்களில் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். வேறு சிலர் "வெறும் காப்பிதானே" என்று ஒரே நாளில் நிறுத்தி, மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். இந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்துக் குழப்பமும் தீரும்.

முதலில் காஃபீன். இதன் வேர் அரபுச் சொல்லான கஹ்வா. அரபியில் அது காப்பியைக் குறிப்பதற்கு முன்பு மதுவைக் குறித்தது. துருக்கியில் கஹ்வே, இத்தாலியத்தில் கஃப்பே, டச்சில் கோஃபி என்று உருமாறி ஆங்கிலத்துக்குப் போனது. ஃப் என்ற ஒலி தமிழில் இயல்பாக இல்லாததால் நம் வாயில் அது காப்பி ஆனது.

வேதிப்பொருளின் பெயர் 1820ஐ ஒட்டிப் பிறந்தது. ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே என்ற இளம் ஜெர்மன் வேதியியலாளர், பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சாறு பூனையின் கண்மணியை விரியச் செய்வதை 1819இல் கவிஞர் கதேவுக்குச் செய்து காட்டினார். அசந்துபோன கதே, அப்போது அரிய பொருளாக இருந்த காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பார் என்று சொல்லி அனுப்பினார். சில மாதங்களிலேயே ருங்கே அதிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்துவிட்டார். ஒரு கவிஞரின் ஆர்வத்திலிருந்து இப்படி ஒரு கண்டுபிடிப்பு வந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பெயரின் கடைசியில் உள்ள "ஈன்" செடிகளிலிருந்து பிரிக்கப்பட்ட ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருள்களுக்கு அந்தக் காலத்தில் சூட்டிய விகுதி. மார்ஃபீன் என்ற பெயர் கனவுகளின் கடவுளான மார்ஃபியஸிடமிருந்து வந்தது. நிகோட்டினுக்குப் பெயர் தந்தவர் புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிய தூதர் ஜான் நிக்கோ. கோகோயின், கோகா இலையிலிருந்து வந்த பெயர். விகுதியால் இவை ஒரே குடும்பம் போலத் தோன்றினாலும் மூளையில் இவை செய்யும் வேலைகள் வெவ்வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

1827இல் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குத் தேயீன் என்று பெயர் வைத்தார்கள். 1838இல் தேயீனும் காஃபீனும் ஒன்றேதான் என்று தெரிந்தது. குவரானாச் செடியில் கிடைத்த குவரானீனும் அதுவே. ஆக, "டீயில் இருப்பது காஃபீன் இல்லை, அது வேற" என்று இன்றும் சொல்லப்படுவது சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம்.

இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டுமா? காப்பிக்குக் குளம்பி, கொட்டைவடிநீர் என்ற ஆக்கங்கள் உண்டு. அவற்றிலிருந்து ஒரு பெயரைக் கட்டலாம்தான். ஆனால் இந்தப் பொருள் தேயிலை, கோலாக் கொட்டை, சாக்லேட் தரும் கக்காவோ, குவரானா எல்லாவற்றிலும் இருக்கிறது. காப்பியின் பெயரை மறுபடி அதன் தலையில் கட்டுவது பழைய குழப்பத்தையே தமிழில் புதுப்பிப்பதாகும். உலக மொழிகள் பலவும் ஏற்ற காஃபீனை அப்படியே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. அதன் வகைக்கு மட்டும் ஊக்கி அல்லது கிளர்ச்சியூட்டி என்ற தமிழ்ச்சொல் போதும். போதைப்பொருள் என்ற சொல் இதற்குப் பொருந்தாது. பழைய தமிழ் எழுத்துகளில் வரும் லாகிரி வஸ்து என்பதும் மயக்கம் தருவதைத்தான் சொல்கிறது. காஃபீன் செய்வதோ விழிக்க வைப்பது.

சொல் சிக்கலாவது அடிமை என்ற இடத்தில். அடி என்றால் பாதம். ஒருவரின் அடியில் கிடப்பவர் அடிமை. பக்தி மரபில் அடியார், அடிமை என்பவை விரும்பி ஏற்கும் பெருமைகள்கூட. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் அடிக்‌ஷன் என்ற சொல்லின் வேரும் இதே படத்தைத்தான் வரைகிறது. பண்டைய ரோமச் சட்டத்தில், கடனைத் திருப்ப முடியாதவரை நீதிபதி கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பார். அப்படி ஒப்படைக்கப்பட்டவருக்கு அடிக்டஸ் என்று பெயர். தன் மேல் தனக்கே அதிகாரம் இல்லாத ஆள். இரண்டு மொழிகளிலும் பொருளின் மையம் இந்த அதிகார இழப்புதான்.

காப்பி குடிக்கிறவர் அந்த நிலையில் இருக்கிறாரா? இந்தக் கேள்வி மருத்துவத்தையும் அலைக்கழித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1957இல் அடிமையாதல், பழக்கமாதல் என்று இரண்டு வகை பிரித்தது. கோடு எங்கே என்பதில் சண்டை தீரவில்லை. 1964இல் இரண்டையும் விட்டுவிட்டுச் சார்பு என்ற பொருள்படும் சொல்லைப் பரிந்துரைத்தது. அப்புறம் அதிலும் ஒரு தொல்லை தெரிந்தது. வலிக்காக மருத்துவர் சொன்னபடி மருந்து எடுப்பவரின் உடலும் அந்த மருந்தைச் சார்ந்துவிடும். அவரை அடிமை என்று சொல்ல முடியாது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு காஃபீன் விலகலை, அதாவது நிறுத்தும்போது வரும் தொல்லையை, ஒரு நோயறிதலாக ஏற்றது. கட்டுப்பாடு இழந்து பயன்படுத்தும் காஃபீன் பயன்பாட்டுக் கோளாறை மட்டும் மேலும் ஆராய வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது. மது, புகையிலை, கஞ்சா, அபின் வகைகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கோளாறு அதிகாரபூர்வமாக உண்டு, காஃபீனுக்கு இல்லை.

தமிழில் இதைத் தெளிவாகச் சொல்ல வழி இருக்கிறது. உடல் பழகி, இல்லாவிட்டால் தவிப்பது சார்புநிலை. கேடு விளைவது கண்முன்னே தெரிந்தும், நிறுத்த விரும்பியும், நிறுத்த முடியாமல் வாழ்க்கை அதைச் சுற்றியே சுருங்கிப்போவது அடிமைநிலை. சார்பு என்று மட்டும் எழுதினால் ஒருபக்கச் சாய்வு என்ற பொருளும் வரும், கணக்குப் பாடத்துச் சார்பும் நினைவுக்கு வரும். அதனால் சார்புநிலை என்று நீட்டி எழுதுவது நல்லது. அளவு கூடிக்கொண்டே போனால்தான் பழைய விளைவு கிடைக்கும் என்ற நிலைக்குச் சகிப்புத்தன்மை என்று எழுதுகிறார்கள்; தாங்குதிறன் அதைவிடப் பொருத்தம். நிறுத்தும்போது வருபவை விலகல் குறிகள்.

உடலுக்குள் நடப்பது இது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. மூளை செல்களில் அதற்கென்றே நாற்காலிகள் போல இருக்கும் ஏற்பிகளில் அது போய் அமர்ந்தால் உறக்கம் வரும். காஃபீன் வடிவில் அடினோசினை ஒத்திருப்பதால் அந்த நாற்காலிகளில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது; ஆனால் உறக்கச் செய்தி எதையும் சொல்வதில்லை. இது தினமும் நடந்தால் மூளை கூடுதலாக நாற்காலிகள் போட்டு ஈடுகட்டுகிறது. ஒருநாள் காஃபீன் வராவிட்டால் அத்தனையிலும் அடினோசின் அமர்ந்துவிடும். களைப்பு அடித்துப்போடும். காஃபீன் சுருக்கி வைத்திருந்த மூளை இரத்தக் குழாய்கள் விரியும். அதுதான் அந்தத் தலைவலி.

விலகல் குறிகள் கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். ஒன்று, இரண்டு நாள்களில் உச்சத்துக்குப் போகும். 2 முதல் 9 நாள்களுக்குள் அடங்கும். ஆய்வுகளில் நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி வந்திருக்கிறது. கவனச் சிதறல், மனச்சோர்வு, சிலருக்குக் குமட்டலும் காய்ச்சல் வரப்போவது போன்ற உடல்வலியும் உண்டு. தினம் 100 மில்லிகிராம், அதாவது சுமார் ஒரு கோப்பைக் காப்பி அளவே இதற்குப் போதும். "இது வெறும் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மற்றவற்றோடு ஒப்பிடும்போது வேறுபாடு எங்கே? கோகோயின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமீன் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதை நேரடியாகத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமீன் என்ற ஊக்கி டோபமீனை வெளியே தள்ளுகிறது. காஃபீனின் பாதிப்பு அடினோசின் வழியாக மறைமுகமாக, மெலிதாக நடக்கிறது. அளவைக் கூட்டினால் இன்பம் கூடாது. படபடப்பும் கை நடுக்கமும்தான் கூடும். பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

கடுங்குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் செய்யக்கூடாது. ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்றுவிடும். காஃபீனை நிறுத்தி யாரும் உயிருக்குப் போராடுவதில்லை. அமெரிக்காவில் நடந்து 1994இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களில் சார்புநிலைக்குப் போனவர்கள் புகையிலைக்கு 32 விழுக்காடு, ஹெராயினுக்கு 23, கோகோயினுக்கு 17, மதுவுக்கு 15, கஞ்சாவுக்கு 9. புகையிலை முதலிடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். சட்டப்படி கடையில் விற்கிறது என்பதற்காக எதுவும் பிடி குறைந்தது ஆகிவிடாது.

அதே நியாயம் காஃபீனுக்கும் பொருந்தும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரையிலும், கருவுற்றவர்களுக்கு 200 வரையிலும் கவலை இல்லை என்றது. சுமார் 10 கிராம் உயிரைப் பறிக்கலாம். கோப்பையில் குடித்து அந்த அளவை எட்டுவது கடினம். தூய தூளில் எளிது: ஒரு தேக்கரண்டித் தூள் 28 கோப்பைக் காப்பிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

சரி, விட நினைத்தால் எப்படி? படிப்படியாக. சில நாள்களுக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பெரிய தலைவலி இல்லாமல் முடியும். முதலில் மாலைக் கோப்பையை எடுத்துவிடுங்கள். காஃபீனின் அரைவாழ்நாள் சுமார் 5 மணி நேரம் என்பதால், மாலையில் குடித்ததில் பாதி இரவு படுக்கும்போதும் உடலில் இருக்கும். அந்தக் கெட்ட தூக்கம்தான் மறுநாள் காலைக் கோப்பையைக் கேட்கிறது. கோலா, ஆற்றல் பானங்கள், சாக்லேட், காஃபீன் நீக்கிய காப்பி ஆகியவற்றிலும் கொஞ்சம் உண்டு. சில தலைவலி மாத்திரைகளில் ஒன்றுக்கு 65 மில்லிகிராம் வரை சேர்க்கிறார்கள். விலகல் தலைவலிக்கு அதையே விழுங்கினால் விட்டதாக ஆகாது; அட்டையைப் படித்து வாங்குங்கள்.

மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர்கள் காஃபீனைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். குளோசபைன் என்ற இன்னொரு மனநல மருந்தை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் அளவு இறங்கும். இவர்கள் குறைக்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.