வார்த்த பின்னும் அச்சோடு பிணைந்திருக்கும் பொத்தான்கள்

இடைமுக வடிவமைப்புக் கருவியில் ஒரு பொத்தானை இழுத்துத் திரையில் விட்டால், அதன் முழு நகல் அங்கே வந்து அமர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால், அது எந்த மூல வடிவத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பும், அந்த மூலத்திலிருந்து எவ்வெவ்வகையில் வேறுபடுகிறது என்ற சிறு பட்டியலும் மட்டுமே கோப்பில் பதிவாகின்றன. (மூலக்கூறு என்றால் வேதியியலாகிவிடும் என்பதால், மூல வடிவத்தை மூலம் என்றும், அதிலிருந்து திரைக்கு வந்த பொத்தானை வார்ப்பு என்றுமே இங்கு அழைக்கிறேன்.) பட்டறையில் அச்சைத் திருத்தினால் முன்பே வார்த்த பொருள் மாறாது, இங்கோ மூலத்தைத் திருத்தினால் வார்ப்புகள் அனைத்தும் மாறுகின்றன.

எம்.ஐ.டி.யில் இவான் சதர்லாந்து 1963-இல் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ஸ்கெட்ச்பேட் என்ற கணினி வரைபட நிரலிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அதில் வார்ப்பின் இடம், அளவு, சாய்வு ஆகியவற்றை மாற்றலாம். உட்புறக் கோடுகளைத் தொட முடியாது. எந்தெந்தப் பண்புகளைத் தொடலாம் என்பதை மூலத்தை எழுதுபவரே தீர்மானிக்கும் வசதி பிற்காலத்தில் வந்தது.

1995-இல் போர்லாந்து நிறுவனம் வெளியிட்ட டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவி இதற்குத் தெளிவான சான்று. நிரலர் ஏற்கெனவே உள்ள பொத்தானின் வழித்தோன்றலாகப் புதிய பொத்தானை எழுதி, தாம் திறந்துவிட விரும்பும் பண்புகளை 'பப்ளிஷ்டு' என்ற பகுதியில் அறிவித்தால், அவற்றின் பெயர், வகை பற்றிய விவரங்களும் நிரலோடு சேர்ந்தே தொகுக்கப்படுகின்றன. கருவி அந்த விவரங்களைப் படித்துப் பண்புப் பட்டியலைத் தானே அமைத்துக்கொள்கிறது. நிறம் என்றால் நிறத்தேர்வும், எண் என்றால் எண் நிரப்பும் இடமும் தோன்றுகின்றன. வடிவமைப்பின்போது திரையில் தெரியும் பொத்தானும் வெறும் படமன்று. அதன் உண்மையான நிரலே கருவிக்குள் ஓடுவதால், அதில் உள்ள பிழை கருவியையே வீழ்த்திவிடக்கூடும்.

பலரும் இடறும் இடம், யாரும் மாற்றாதவரை ஒரு பண்புக்கு இருக்கும் இயல்பு மதிப்பு. ஒரு பண்பின் மதிப்பு, அறிவிக்கப்பட்ட இயல்பு மதிப்போடு ஒத்திருந்தால் டெல்ஃபி அதைக் கோப்பில் எழுதுவதில்லை. ஆனால் அந்த அறிவிப்பு பண்புக்கு மதிப்பு எதையும் இடுவதில்லை. அது பொத்தானை உருவாக்கும் நிரற்பகுதியின் வேலை. அறிவிப்பில் 12 என்றும் உருவாக்கத்தில் 8 என்றும் இருந்துவிட்டால், வடிவமைப்பவர் 12 என்று மாற்றிச் சேமிக்கும்போது, அது இயல்பானதுதானே என்று கருவி எழுதாமல் விட்டுவிடும். மறுமுறை திறந்தால் 8 வந்து நிற்கும். வடிவமைப்பவரோ சேமிக்க மறந்துவிட்டோம் என்று தம்மையே நொந்துகொள்வார்.

ஒரு பொத்தானின் நிறத்தைத் தனியே மாற்றிய பிறகு மூலத்தின் நிறத்தைத் திருத்தினால், அந்தப் பொத்தானின் நிறம் மட்டும் மாறாது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். வேறுபாட்டுப் பட்டியலில் உள்ளதைக் கருவி மதிக்கிறது, அவ்வளவே. பட்டியல் பண்புகளைப் பெயரால்தான் அடையாளம் காண்கிறது என்பதே உண்மையான இடர். மூலத்தில் ஒரு பண்பின் பெயரை மாற்றிவிட்டால், பழைய பெயரோடு சேமித்த திரை வடிவமைப்பைத் திறக்கும்போது அப்படியொரு பண்பே இல்லை என்று டெல்ஃபி பிழை காட்டும்.