கடைசி இலக்கம் 0 என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம், 14 பேருக்குச் சம்பளம் போட எக்செலில் பட்டியல் அனுப்பியிருந்தார். மாட்டுங்காவில் என் மேஜையில் திறந்து பார்த்தால், 16 இலக்கக் கணக்கு எண்கள் மூன்றும் 0-வில் முடிந்தன. தற்செயலாக அப்படி அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.

"பாஸ்புக்கைப் பார்த்துத்தானே தம்பி அடிச்சேன்" என்றார் அண்ணாச்சி. அவர் சரியாகத்தான் அடித்திருந்தார். மாற்றியது எக்செல்.

கணக்கு எண்ணை எக்செல் ஓர் அளவாக நினைத்துக்கொள்கிறது. எண்களை அது 53 பிட், அதாவது 53 இரும இலக்க (0 அல்லது 1) துல்லியத்தில் வைக்கிறது. 53 இரண்டுகளைப் பெருக்கினால் 9007199254740992, ஏறக்குறைய 90 கோடி கோடி. அதுவரை முழு எண்கள் எல்லாம் பிசகாமல் நிற்கும். அடுத்த எண்ணான 9007199254740993-க்கு அங்கே இடமே இல்லை. எக்செல் அதற்கும் முன்னாலேயே, 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். 9876543210123456 என்று அடித்தால் 9876543210123450 ஆகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

கார்டு எண்ணாக இருந்தால் தப்பு பிடிபட்டுவிடும். சோதனைக்குப் பயன்படுத்தும் 4111111111111111-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வலமிருந்து இரண்டாவது இலக்கத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டித்து (இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டி) எல்லாவற்றையும் சேர்த்தால் 30. பத்தால் வகுபடுகிறது, சரி. கடைசி 1 போய் 0 வந்தால் 29, தவறு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் தந்த முறை இது. ஆதாரின் 12 இலக்கத்துக்கு வெர்ஹோஃப் முறை. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும். வங்கிக் கணக்கு எண்களுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான இப்படி ஒரு காவல் இல்லை. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்டில் பணம் சேர்வதோ கணக்கு எண்ணை வைத்துத்தான்.

இரண்டு வருடம் முன்பு வேறொருவர் பட்டியலில் இதைக் கவனிக்காமல் விட்டேன். ஒரு தொழிலாளியின் சம்பளம் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கில் விழுந்தது. திரும்ப வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் அவர் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

எனவே, அடிப்பதற்கு முன்பே கணக்கு எண் வரும் நெடுவரிசையை ஃபார்மேட் செல்ஸில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது. சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாகச் சேமித்த பட்டியல்) எக்செலில் நேரடியாகத் திறந்து சேமித்தாலும் இதே கதிதான். ஒவ்வொருவராக அனுப்பும்போது, கணக்கு வைத்திருப்பவர் பெயரைக் காட்டும் வசதி இப்போது இருக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அண்ணாச்சி மூன்று பாஸ்புக்கையும் போட்டோ எடுத்து அனுப்பினார். கடைசி இலக்கங்கள் 6, 1, 4. சாயங்காலமே 14 பேருக்கும் பணம் போனது.