குலுக்கலுக்கு முன்னாடி பேனாவை எடுத்து அடித்துப் பாருங்கள்

விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு, ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் யார் யாரோடு ஆடுவது என்று சீட்டெடுக்கும் குலுக்கல் நாளில் போன் ஓயாது. "ரெண்டாவதா வந்துட்டோமே, யார்கிட்ட மாட்டுவோம்?" என்று ஒருத்தர், "முதலிடம்தானே, லேசான டீம்தான் வரும்" என்று இன்னொருத்தர். (ஆட்டம் சமனில் முடிந்தாலும் டிரா என்கிறோம், அதனால் இங்கே குலுக்கல் என்றே எழுதுகிறேன்.) பட்டியலில் பிடித்த இடத்தை வைத்து யார் வரமாட்டார்கள் என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதை நான் கற்றது 2017 டிசம்பரில், ஒரு தப்புப் பண்ணித்தான். அப்போது எட்டு குரூப், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு டீம் உள்ளே. முதலிடங்கள் ஒரு பானை, இரண்டாமிடங்கள் ஒரு பானை, பானைக்கு ஒன்றாக எடுத்து ஜோடி சேர்ப்பார்கள், ஜோடிக்கு ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம், கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். கடைசி 16 சுற்றில் ஒரே குரூப்காரர்களும் மோத முடியாது, ஒரே நாட்டு கிளப்புகளும் மோத முடியாது. கடைசி நாளில் செல்சி அட்லெடிகோ மாட்ரிட்டுடன் 1-1, ரோமா கராபாக்கை 1-0 என ஜெயித்தது, இரண்டுக்கும் 11 புள்ளி. நம்ம ஊர் நேரப்படி அதிகாலை மூன்று மணிக்கு முடிந்த ஆட்டம். கோல் வித்தியாசம் செல்சிக்கு +8, ரோமாவுக்கு +3 என்பதைப் பார்த்து, மறுநாள் பேப்பருக்குச் செல்சியை மேலே போட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டேன்.

புரூஃப் பார்த்த சீனியர் கூப்பிட்டார். "தம்பி, இவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடினப்ப என்னாச்சு?" லண்டனில் 3-3, ரோமில் 3-0 ரோமாவுக்கு. அப்போதைய விதிப்படி புள்ளி சமமானால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், கோல் வித்தியாசம் அப்புறம்தான் வரும். செல்சி இரண்டாமிடம். அதோடு விடவில்லை, மிச்ச குரூப்களும் முடிந்ததும் புரூஃபின் ஓரத்தில் முதலிடம் பிடித்த எட்டுப் பேரையும் எழுதிச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். ரோமா, ஒரே குரூப், அடி. மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், டாட்டன்ஹாம், நாலும் செல்சி மாதிரியே இங்கிலாந்து, அடி. மிச்சம் பார்சிலோனா, பிஎஸ்ஜி (பாரிஸ் கிளப்), பெசிக்டாஷ். நானோ குலுக்கல் பற்றிய பெட்டிச் செய்தியில் 'ஏழு டீம்களில் ஒன்று' என்று எழுதி வைத்திருந்தேன்!

வந்தது பார்சிலோனா. சொந்த ஊரில் 1-1, அங்கே போய் 0-3, கதை முடிந்தது. ரோமாவுக்கு வாய்த்தது ஷக்தார். அதைத் தாண்டிப் போய், காலிறுதியில் அதே பார்சிலோனாவிடம் 4-1 என அடி வாங்கி, ரோமில் 3-0 என ஜெயித்து, மொத்தம் 4-4 ஆக, எதிராளி ஊரில் அடித்த கோலின் பலத்தில் அரையிறுதிக்கே போனார்கள். ரோமில் விட்ட ஒரு ஆட்டத்துக்குச் செல்சி கொடுத்த விலை அது.

அதற்காக முதலிடம் வந்தால் கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். முந்தைய சீசனில் பிஎஸ்ஜியைப் பின்னால் தள்ளி முதலிடம் வந்த ஆர்சனலுக்கு, அட்லெடிகோவுக்குப் பின்னால் இரண்டாமிடம் வந்திருந்த பேயர்ன் மியூனிக் கிடைத்தது. 5-1, திரும்ப 5-1, இரண்டிலும் தோற்றது ஆர்சனல்.

2024-25-இலிருந்து குரூப்பே கிடையாது. 36 டீம், ஆளுக்கு எட்டு ஆட்டம், ஒரே பட்டியல். முதல் எட்டு நேராகக் கடைசி 16-க்கு, 9 முதல் 24 வரை பிப்ரவரியில் ப்ளே-ஆஃப் (அதில் ஜெயிப்பவர்களும் கடைசி 16-க்கு), அதற்குக் கீழே ஐரோப்பிய ஆட்டமே முடிந்தது. இப்போது புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம்தான் (என் பழைய தப்பு இன்றைக்கு சரி). நாட்டுத் தடையும் போய்விட்டது, பிரான்ஸின் பிஎஸ்ஜியும் ப்ரெஸ்டும் ப்ளே-ஆஃபிலேயே மோதின.

பலர் கவனிக்காதது ஜோடி விஷயம். 1, 2-ஆம் இடங்களுக்கு எதிரே வருவது 15 முதல் 18 வரை இருப்பவர்களில் ப்ளே-ஆஃபைத் தாண்டுகிறவர்கள் மட்டும்தான். லிவர்பூல் முதல் ஏழு ஆட்டத்தையும் ஜெயித்து 21 புள்ளியோடு முதலிடம். 15-ஆம் இடத்தில் தடுமாறி நின்றது பிஎஸ்ஜி, 13 புள்ளிதான், ஆனால் அதற்குள் ஃபார்முக்கு வந்திருந்தது. குலுக்கலில் லிவர்பூலுக்கு பென்ஃபிகா அல்லது பிஎஸ்ஜி என்ற நிலை, விழுந்தது பிஎஸ்ஜி. பாரிஸில் 1-0 ஜெயித்து, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 0-1 தோற்று, பெனால்டியில் லிவர்பூல் வெளியே. அந்த பிஎஸ்ஜி கடைசியில் கோப்பையையே தூக்கியது. இரண்டாமிடம் வந்த பார்சிலோனாவுக்குத்தான் பென்ஃபிகா.

ஆனால் மேலே முடிப்பதில் கைக்கு உறுதியாக வருகிற லாபம் ஒன்று உண்டு, இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். 2024-25-இல் அது கடைசி 16-ஓடு நின்றுபோனது. அதனால் இரண்டாமிடம் பிடித்த பார்சிலோனா, நாலாமிடம் வந்த இன்டருடன் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை மிலானில் ஆடி, கூடுதல் நேரத்தில் 4-3 தோற்றது. 2025-26-இலிருந்து முதல் நாலு இடங்களுக்குக் காலிறுதியிலும், முதல் இரண்டு இடங்களுக்கு அரையிறுதியிலும் அந்த உரிமை உண்டு.

இப்போதெல்லாம் கடைசி இரவு ஆட்டங்கள் முடிந்ததும், உச்சியில் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் 15-இலிருந்து 18 வரை யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் போகிறது.