ஒதுக்கிய பணம் எந்தக் கையில் நின்றது?

நிதி விடுவிப்பு ஆணைக்கும் பள்ளியில் வாங்கிய சாக்பீஸ் பெட்டிக்கும் நடுவே நான்கைந்து கைகள் இருக்கின்றன. அரசுச் செலவைப் பின்தொடர்வது என்றால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் அனுப்பியவர் எழுதிய தொகையையும் பெற்றவர் எழுதிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரே அலுவலகத்தின் வரவு செலவை மட்டும் புரட்டினால் கணக்கு பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும். நேராக எழுதத் தெரிந்தவர்தானே எழுதியிருப்பார்!

1996-இல் உகாண்டாவில் 250 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்படிப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை மாணவர் எண்ணிக்கைப்படி தரவேண்டிய மானியத்தில், சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்கு வந்திருந்தது. ஆசிரியர் சம்பளம் அந்த அளவுக்குக் கசியவில்லை. தன் சம்பளம் எவ்வளவு என்று ஆசிரியருக்குத் தெரியும். மானியம் எவ்வளவு என்று பள்ளிக்கும் பெற்றோருக்கும் தெரியாது. பிறகு விடுவித்த தொகையை நாளிதழ்களில் வெளியிட்டு, பள்ளியிலும் ஒட்டச் செய்தார்கள். 2001 வாக்கில் சுமார் 80 சதவீதம் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் வேறு நிதிச் சீர்திருத்தங்களும் நடந்தன என்பதால், பெருமை முழுவதையும் நாளிதழுக்கே கொடுத்துவிட முடியாது.

களத்தில் அதிகம் சறுக்குவது ஒப்பீட்டில்தான். பட்ஜெட்டில் போட்ட தொகையோடு ஒப்பிட்டால், விடுவிக்கவே படாத பணத்தையும் திருட்டுக் கணக்கில் எழுதிவிடுவோம். விடுவித்த தொகையே அடிப்படை. நிதியாண்டின் கடைசி வாரத்தில் கிளம்பிய பணம் அடுத்த ஆண்டில்தான் வங்கியில் வரவாகும். அது தாமதம், கசிவு அல்ல. எனவே ரொக்கப் புத்தகத்தை வங்கி அறிக்கையோடு தேதி வாரியாக ஒத்துப் பாருங்கள். பெஞ்ச், புத்தகம் எனப் பொருளாக வந்ததையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். ஓராண்டுப் பதிவேடு முழுக்க ஒரே பேனா, ஒரே மை, மடங்காத பக்க ஓரம் என்றிருந்தால், அது நேற்று எழுதியதோ என்று சந்தேகப்படலாம்.

கட்டுமானத்தில் காகிதம் போதாது. இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் நடந்த ஆய்வில், சாலையைத் தோண்டி மாதிரி எடுத்து, போட்ட பொருளின் அளவைக் கணக்கிட்டார்கள். அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்பே சொல்லிவைத்த ஊர்களில், காணாமல் போகும் செலவு சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கணக்கு ஒன்றும் கடினமில்லை: பில்லில் 15 சென்டிமீட்டர் ஜல்லி, தோண்டினால் 12 என்றால், ஐந்தில் ஒரு பங்கு ஜல்லி போடவே இல்லை. ஆனால் தோண்டும் இடத்தை ஒப்பந்தக்காரர் கைகாட்டக் கூடாது. அவர் காட்டும் இடத்தில் 15 சென்டிமீட்டர் கட்டாயம் இருக்கும்.